சுற்றுச்சூழல் ஆவணப்படம் என்றாலே காடும் புலியும்தானா? தில்லி மாதிரி நகரத்தில் இருப்பவர் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. 2022இல் வந்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ பாருங்கள். இயக்கியவர் ஷௌனக் சென். தில்லி வசீராபாத்தில் நதீம், சவூத் என்ற சகோதரர்கள் அடிபட்ட கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். சோப்புத் திரவக் குடுவை செய்யும் பட்டறைதான் ஆஸ்பத்திரி. இறைச்சி தின்னும் பறவை என்று பருந்தை வேறு பறவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளாததால் தாங்களே இறங்கினார்கள்.

பருந்துக்கு எப்படி அடிபடுகிறது? பெரும்பாலும் மாஞ்சா நூல். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி கரோல் பாக் பக்கம் மொட்டைமாடிக்குப் போனால் தெரியும், வானம் முழுக்கக் காற்றாடி. கண்ணாடித்தூள் பூசிய நூல் இறக்கையைச் சதையோடு கிழித்துவிடும். மறுபக்கம், காஜிப்பூர் குப்பைமலையில் நாம் கொட்டும் கழிவைத் தின்று குறைப்பதும் இதே பருந்துகள்தான்.

முதல் காட்சியே எலிகள். கேமரா தரையோடு மெதுவாக நகரும். கொஞ்சம் பொறுமை வேண்டும், படம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் உபதேசம் கிடையாது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. கான் விழாவில் ஆவணப்படத்துக்கான ‘தங்கக் கண்’ விருதும் வாங்கியது.

அப்புறம் நம்ம ஊர்ப் பக்கம் வேண்டுமென்றால், முதுமலையில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. ஆஸ்கர் வாங்கிய குறும்படம், அதில் யானைக்குட்டி வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தமிழிலேயே பேசுவார்கள்.