பங்கு வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

தேவகோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பெரியப்பா கம்ப்யூட்டர் சயின்ஸில் மேனேஜ்மென்ட் சீட் பேசி முடித்துவிட்டார். பையனோ லேத் பட்டறையே கதி என்று கிடக்கிறான். பூர்வீக வீட்டுப் பங்கை வைத்துப் பத்து லட்சம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பெற்ற மனசு பதறத்தான் செய்யும். ஆனாலும் வேண்டாம். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 10,000 ரூபாய் வட்டி. நான்கு வருஷத்தில் 4,80,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். பெரியப்பா அதில் ஒரு மாத வட்டிகூடக் கட்டப்போவதில்லை. முன்பணம் கொடுத்திருந்தாலும் பயப்படாதீர்கள். வகுப்பு தொடங்குமுன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது, அசல் சான்றிதழையும் கல்லூரி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. எழுத்தில் கேளுங்கள்.

கலந்தாய்வு பற்றியும் கலைக் கல்லூரி பற்றியும் உங்களுக்கு ஊரே சொல்லும். யாரும் சொல்லாத ஒன்று, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்கு மூன்று வருஷம்; பிளஸ் டூ முடித்த உங்கள் பையனுக்கு இரண்டே வருஷம். காரைக்குடி அழகப்பா பாலிடெக்னிக் அரசு உதவி பெறுவது, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். லேத் பிடித்த பையனாச்சே, மெக்கானிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். சேரும்போது அது உதவி பெறும் இடமா, சுயநிதி இடமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் அதில்தான் மாறும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பையன் கணக்கிலேயே ஏறும். டிப்ளமோவுக்கும் அது உண்டு.

இதில் இடறும் இடம் முதல் இரண்டு மாதம். கூட உட்காரும் பிள்ளைகள் இன்ஜினியரிங் டிராயிங்கையும் ஒர்க்‌ஷாப்பையும் முதல் வருஷமே முடித்திருப்பார்கள். இந்த விடுமுறையிலேயே டிராயிங் புத்தகம் ஒன்று வாங்கித் தினம் ஒரு படம் போடச் சொல்லுங்கள். அரியர் விழுந்தால் பின்னால் வழி அடைபடும். டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தான் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கு இடம் கிடைக்கும். பல வருஷம் அந்தக் கலந்தாய்வை நடத்தியதே காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான். இரண்டும் மூன்றும் ஐந்து வருஷம். ஒரு வருஷம் கூடுதல்தான், ஆனால் நடுவிலேயே கையில் ஒரு தொழில் இருக்கும். பி.இ. வேண்டாம் என்றால் டிப்ளமோ முடித்ததும் தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்யலாம். ஒரு வருஷப் பயிற்சி, மாத உதவித்தொகையோடு. திருச்சி பெல் நிறுவனமும் டிப்ளமோ அப்ரண்டிஸ்களை எடுக்கிறது.

அப்பா அம்மா எதுவரை தாங்க வேண்டும்? நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். அதே வீடுதான், அடுப்பு தனி. அரிசியும் சாமானும் அளந்து கொடுத்துவிடுவார்கள், அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் பொறுப்பு. படிப்புக்கும் அப்படியே அளந்து வையுங்கள். ஐந்து வருஷத்துக்குக் கட்டணம், பஸ் காசு, கருவிகள் எல்லாம் சேர்த்து உங்களால் முடிந்த தொகையை நோட்டில் எழுதிப் பையனிடம் காட்டுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கல்விக் கடன், அவன் பெயரில். எந்தப் பிரிவு என்பதை அவனே சொல்லட்டும்.

பெரியப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், பையனை அனுப்பாதீர்கள்.