எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று, பேரியம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. ஆறு மாதமாகச் சோறு நெஞ்சுக்குழியில் நின்றுவிடுகிறது. சில நாள் தண்ணீர்கூட இறங்குவதில்லை. எண்டோஸ்கோபியில் நார்மல். இப்போது டாக்டர் 'பேரியம் ஸ்வாலோ' எழுதியிருக்கிறார். மறுபடியும் எதற்கு? கதிர்வீச்சு வேறு பயமாக இருக்கிறது.
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: எண்டோஸ்கோபி உணவுக்குழாயின் உள்சுவரைக் காட்டும்; புண்ணோ கட்டியோ இருந்தால் தெரியும். குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க புளூரோஸ்கோபி வேண்டும். அது ஓடுகிற எக்ஸ்ரே. அம்மா பேரியம் என்ற வெள்ளை மருந்தை ஒரு வாய் விழுங்க, அது இறங்குவதை எங்களைப் போன்ற ரேடியாலஜிஸ்ட்கள் அப்போதே திரையில் பார்ப்போம்.

சோறு, தண்ணீர் இரண்டுமே நிற்கிறது என்கிறீர்களே, அது முக்கியம். இரைப்பை வாசலில் இருக்கும் தசை இளகாத 'அகலேசியா'வில் அப்படி நடக்கும். குழாய் மேலே புடைத்து, கீழே குருவி அலகு மாதிரி கூம்பி நிற்க, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆரம்பத்தில் இது எண்டோஸ்கோபிக்குப் பிடிபடாமல் போகலாம். அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, பார்த்துவிடுவது நல்லது.

கதிர், காலடியில் இருக்கும் பெடலை மிதிக்கும்போது மட்டும்தான் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். கடைசிப் படம் மட்டும் திரையில் தங்கும். பொதுவாக மொத்தம் 1 முதல் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக வருவதே 2.4.

எனக்குக் கவலை அம்மாவின் சீட்டைப் பற்றித்தான். ஒருமுறை ஒரு பெரியவர், பரிசோதனையின் பெயர் மட்டும் எழுதிய சீட்டோடு வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டேன். "பக்கவாதம் வந்ததுலேருந்து தண்ணி குடிச்சாலே புரையேறுது டாக்டர்" என்றார் அவர் மனைவி. டம்ளரைத் திரும்ப வாங்கி, அவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் மட்டும் கொடுத்தேன். அந்த ஒரு ஸ்பூனிலேயே மருந்து நூல் மாதிரி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அனுப்பிய டாக்டர் அதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நானும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதனால் எத்தனை மாதமாக, எது எது நிற்கிறது, இருமல் உண்டா, எடை குறைந்ததா, வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் நடந்ததா என்பதெல்லாம் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். குழாயில் கிழிசல் சந்தேகம் என்றால் பேரியத்தில் தொடங்க மாட்டோம். தண்ணீரில் கரையும் அயோடின் மருந்து கொடுப்போம்.

பெரும்பாலும் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் காலை டோஸை என்ன செய்வது என்று முன்னாடியே கேளுங்கள். பிறகு இரண்டு நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம். பேரியம் இறுகும், இறங்குகிற அளவுக்குத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம் நாளும் மலம் போகவில்லை என்றால் டாக்டருக்கு போன் போடுங்கள்.