பேஸை டி-க்கு இறக்கியதும் கரகரப்பு: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என்னுடையது நான்கு கம்பி பேஸ் கிடார். ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம், 45-65-85-105 செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பிகளின் தடிமன்). பேண்டில் எல்லோரும் ஒரு டோன் இறக்கி டி-ஜி-சி-எஃப் ட்யூனிங்கில் வாசிக்கிறோம். இறக்கியதிலிருந்து தடித்த கம்பி ஓப்பனிலும் (விரலால் அழுத்தாமல் வாசிக்கும்போதும்), ஐந்தாம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) வரையிலும் கரகரக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் சுத்தமாக இருக்கிறது. சாடிலை (உடல் பக்கம் கம்பி உட்காரும் தாங்கியை) ஏற்றிப் பார்த்தேன். மேலே வாசிக்கக் கை வலிக்கிறது, கீழே சத்தம் அப்படியேதான். டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை) இறுக்கு என்கிறான் நண்பன். இறுக்கலாமா, கம்பியை மாற்ற வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இறுக்காதீர்கள். உங்கள் நெக்குக்கு இப்போது வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடித்த கம்பியின் வழக்கமான சுரம் இ 41.2 ஹெர்ட்ஸ், இறக்கிய டி 36.7. அதிர்வெண்ணில் 11 சதவீதம் குறைந்தால் இழுவிசையில் சுமார் 21 சதவீதம் போய்விடும். நான்கு கம்பிக்கும் இதே கணக்குதான். அதனால் அதே விரல் பலத்துக்குக் கம்பி முன்பைவிடக் கால் பங்கு அகலமாக ஆடும். இது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாமல் போவது நெக்கில் நடப்பது. கம்பிகள் நெக்கை முன்பக்கம் வளைக்கின்றன, ராட் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கம்பி தளர்ந்ததும் ராட் ஜெயித்து நெக் நிமிர்ந்துவிடும், சில நெக்குகள் பின்னாலேயே வளைந்துவிடும். கம்பிக்கு அதிக இடம் தேவைப்படும் நேரம் பார்த்து இருந்த இடமும் போகிறது. கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் சத்தம் என்று நீங்கள் எழுதியது இதற்கு அப்பட்டமான அடையாளம்.

சாடில் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் எளிய கணக்குதான். அதை 1 மி.மீ. ஏற்றினால் 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. கிடைக்கும். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே 0.06 மி.மீ.கூடத் தேறாது. ஏற்றியதைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள்.

ராடைத் தொடுவதற்கு முன் கம்பியை முடிவு செய்யுங்கள். முதலில் ராடைச் சரிசெய்துவிட்டுப் பிறகு தடித்த கம்பி போட்டால் எல்லா வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அரை டோன் மட்டும் இறக்குபவர் செட்டை மாற்றத் தேவையில்லை, இழுவிசை 11 சதவீதம்தான் குறையும். ஒரு டோனுக்கு 55-75-90-110 செட்டைச் சொல்வேன். எர்னி பால் ‘பவர் ஸ்லிங்கி’, டி’அடாரியோ ‘ஈஎக்ஸ்எல்230’ இரண்டும் இந்த அளவுதான். கம்பியின் எடை ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், டி-க்கு இறக்கிய 110 கம்பியில் பழைய இ-யைவிட 13 சதவீதம் குறைவாகவும், 55 கம்பியில் பழைய ஜி-யைவிடச் சுமார் 19 சதவீதம் கூடுதலாகவும் இழுவிசை இருக்கும். மொத்தத்தில் நெக்குக்குப் பழைய சுமையே திரும்பிவிடும். இரண்டு டோன் இறக்கி சி-க்குப் போகிறவர்கள் ஐந்து கம்பி செட் வாங்கி, ஜி கம்பியை ஒதுக்கிவிட்டு 130-லிருந்து தொடங்கட்டும். உங்களுக்கு 130 தேவையில்லை, விறைப்பாக இருக்கும்.

தடித்த கம்பி, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் அடிவரை உட்கார வேண்டும். ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று துள்ளினால் பள்ளம் இறுக்கம் என்று அர்த்தம். நட் ஃபைலால் பக்கச்சுவரை மட்டும் லேசாக அகலப்படுத்துங்கள், ஆழத்தைத் தொடாதீர்கள். ஆழம் அதிகமானால் ஓப்பன் கம்பி முதல் ஃப்ரெட்டில் அடிக்கும். அப்போது பள்ளத்தை நிரப்பி மறுபடி வெட்டத்தான் வேண்டும்.

இனி ராட். புதுக் கம்பியை டி-க்கு ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். 7, 8-ஆம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பைக் மெக்கானிக் டாப்பெட்டுக்கு வைத்திருக்கும் அதே கேஜ்தான், உதிரிபாகக் கடையில் கிடைக்கும். 0.3 முதல் 0.35 மி.மீ. இருந்தால் போதும். அதைவிடக் குறைவாக இருந்தால், தலைப்பக்கமிருந்து உடலை நோக்கிப் பார்த்தபடி ராட் நட்டை இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். திரும்ப ட்யூன் செய்து அளந்துவிட்டு, மறுநாள் இன்னொரு தடவை அளங்கள். மரம் நிதானமாகத்தான் நகரும். ஆலன் கீ பொருந்தாமல் ஆடினால் நிறுத்திவிட்டுச் சரியான அளவு வாங்குங்கள். அறுகோண ஓட்டை தேய்ந்துபோன ராடைச் சரிசெய்ய ஆகும் செலவில் பத்து ஆலன் கீ செட் வாங்கலாம்.

ராட் நட் முழுக்கத் தளர்ந்து பிடிப்பே இல்லை, நெக் இன்னும் நேராகவே நிற்கிறது என்றால், ஒருபக்கம் மட்டும் வேலை செய்யும் ராடால் அதற்குமேல் ஒன்றும் ஆகாது. கம்பியின் கனத்தைக் கூட்டுவதுதான் வழி.

ரிலீஃப் (மேலே அளந்த இடைவெளி) சரியான பிறகுதான் சாடில். 17-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பியின் உயரம் 2.4 மி.மீ., மெல்லியதன் உயரம் 2 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். டி-க்கு இறக்கி, அழுத்திச் சுண்டி வாசிக்கும் கை என்றால் தடித்த கம்பிக்கு 2.8 வரை போகலாம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சத்தம் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது, அது லெவலிங் (ஃப்ரெட்டுகளைச் சமமாக்குவது) தெரிந்தவர் வேலை. ஓப்பனில் மட்டும் என்றால் கம்பி உட்காரும் நட்டின் பள்ளம்தான் காரணம்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆம்ப்பில் மாட்டிக் கேளுங்கள். மாட்டாமல் கேட்கும் கரகரப்பில் பாதி பிக்கப்புக்குப் போவதே இல்லை. அதை முழுக்க ஒழிக்க ஆக்‌ஷனை (கம்பியின் உயரத்தை) ஏற்றிக்கொண்டே போவது வீண்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக நிற்பது. 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அங்கேயே கம்பியை லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கைவிட ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் இது தேவைப்படும். சில ட்யூனர்கள் கீழ் டி-யில் தடுமாறும், அப்போது ட்யூன் செய்யவும் அந்த ஹார்மோனிக்கையே காட்டுங்கள்.