வெள்ளைப்புள்ளிக்கு மருந்தைப் பவளத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

கேள்வி: உப்புநீர்த் தொட்டியில் என் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டது. பவளங்களும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன. செம்பு மருந்தை நேராகத் தொட்டியில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். பாட்டில் கையில் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள், மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் இப்போது எந்த நிலையில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மீன் பாறையில் விலாவைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பும். செவுள் படபடவென்று அடித்துக்கொள்ளும். துடுப்பில் நேற்று மூன்று புள்ளி இருந்தது, இன்று எண்ண முடியவில்லை. எதையாவது உடனே செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். நானும் அப்படித்தான் நின்றேன்.

என் தொட்டி 200 லிட்டர். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாங், ஒரு க்ளீனர் இறால், கண்ணாடியில் பாசி மேய ஏழெட்டு நத்தைகள். பவளங்களில் என் உயிர் ஒரு ஹாமர் பவளத்தின் மேல்தான். இரண்டு தலையாக வாங்கியது, ஐந்து தலையாக வளர்ந்திருந்தது. டாங்குக்குப் புள்ளி வந்ததும் விற்றவரிடம் கேட்டேன். "பவளம் தாங்கும், பயப்படாமல் ஊற்றுங்கள்" என்றார். லேபிளில் "மீன்களுக்குப் பாதுகாப்பானது" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மீன்களுக்கு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஊற்றினேன். இரவு பத்து மணிக்கு இறால் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கால்கள் மட்டும் ஒவ்வொன்றாக அசைந்தன. மீசை அசையவில்லை. நத்தைகள் பிடி விட்டுக் கண்ணாடியிலிருந்து டொக், டொக் என்று விழுந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஹாமர் பவளம் தன் கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. நான்காம் நாள் அதன் சதை பழுப்புக் கூழாகக் கழன்று, வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தது.

இதில் கொடுமை, மூன்றாம் நாளே டாங்கின் உடம்பில் புள்ளிகள் மறைந்துவிட்டன. பவளம் போனாலும் மீன் பிழைத்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் புள்ளிகள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன.

காரணம் பிறகுதான் புரிந்தது. கிரிப்டோகாரியான் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் சில நாள்தான் இருக்கும். தின்று கொழுத்ததும் தானாகவே கீழே விழுந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிப் பெருகும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வந்து மீனைத் தேடும். செம்பு கொல்வது இப்படி நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால் மருந்தின் அளவு வாரக்கணக்கில் இறங்காமல் நிற்க வேண்டும். பாறையும் பவள மணலும் சுண்ணாம்பு. செம்பை இழுத்து வைத்துக்கொள்ளும். என் தொட்டியில் அளவு இறங்கிக்கொண்டே போனது. இறாலையும் பவளத்தையும் கொல்லப் போதுமான செம்பு இருந்தது, ஒட்டுண்ணியை ஒழிக்கப் போதவில்லை. டாங்கும் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "மீன்தானே, இன்னொன்று வாங்கிக்கொள்" என்றார். இதை நான் மறக்கவில்லை. நாய் செத்தால் துக்கம் கேட்கிறவர்கள், மீன் செத்தால் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நான் அறைக்குள் வந்தால் கண்ணாடியின் வலது மூலைக்கு ஓடி வந்து நிற்கும் மீன் அது. கடைகளுக்கு வரும் நீல டாங்குகளில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. ஒரு பவளப்பாறையிலிருந்து எடுத்து வந்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொன்றது நான். இதற்கு வருத்தப்படக் கூடாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "நான் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் கீழே எழுதுவார்கள். அவர்கள் ஊற்றியதில் செம்பு இருந்ததா என்று முதலில் கேளுங்கள். "பூண்டுச் சாறு கொடுத்தேன், மூன்றே நாளில் புள்ளி போய்விட்டது" என்பவர்களும் வருவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புள்ளி சில நாளில் தானாகவே விழும் என்பதைத்தான் மேலே சொன்னேன். நான் மீன் மருத்துவர் அல்ல. ஆனால் இப்போது செய்வதைச் செய்ய ஆரம்பித்த பிறகு இந்த நோய் என் தொட்டிக்குள் வரவில்லை.

எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். புள்ளி தெரியாத மீனையும்தான். வெறும் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். மணலும் பாறையும் கூடாது. செம்பு மருந்து அங்கேதான். அயனிச் செம்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்; சீலேட் வகைக்கு (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்த வகை) அளவு வேறு, அதன் லேபிள்படிதான் போட வேண்டும். செம்பை அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். தினமும் சோதித்து 30 நாள் அதே அளவில் வைத்திருங்கள். புது ஃபில்டரில் அம்மோனியா ஏறும், மீனை நோய்க்கு முன் அதுவே கொன்றுவிடும். அதனால் தண்ணீர் மாற்ற வேண்டிவரும்; அப்போது புது நீரிலும் அதே அளவு மருந்து கலந்திருக்க வேண்டும்.

உப்புநீரின் அடர்த்தியை 1.009 வரை இறக்கிச் செய்யும் சிகிச்சையும் உண்டு. அதுவும் தனித்தொட்டியில்தான். பவளத்துக்கு 1.025 பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் கிடக்கட்டும். சில கூடுகள் 72 நாள் கழித்துக்கூடப் பொரிந்திருக்கின்றன, அதனால்தான் இந்தக் கணக்கு. பவளம், இறால், நத்தை எல்லாம் அதிலேயே இருக்கலாம், ஒட்டுண்ணி அவற்றைத் தொடாது. இறாலுக்கு மட்டும் கொஞ்சம் தீனி போடுங்கள். வலை, குழாய், ஈரக்கை எதுவும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வேண்டாம்.

புள்ளிகள் உப்புக்கல் போல இல்லாமல் மாவு தூவியது போல மெல்லியதாக இருந்து, மீன் மூச்சு வாங்கிக்கொண்டு நீரோட்டத்தின் எதிரே நின்றால், அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க முடியாது, இன்றிரவே மாற்றிவிடுங்கள்.

மீனைப் பிடிக்கப் பாறைகளை வெளியே எடுக்க வேண்டிவரும். சோவாந்திட் (பொத்தான் போன்ற சிறு வாய்கள் கூட்டமாக வளரும் வகை) பவளம் இருந்தால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அந்தப் பாறையைச் சுடுநீரில் போடவும் கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும். தனித்தொட்டி நீரில் உப்பும் வெப்பமும் பெரிய தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று அளந்த பிறகே மீனை விடுங்கள்.