கவசத் தகட்டுக்கு எந்த வெல்டிங் ராடு வாங்குவது?

கேள்வி: அம்பத்தூரில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பணம் ஏற்றிச் செல்லும் வேனுக்குக் குண்டு துளைக்காத கேபின் செய்யும் ஆர்டர் முதல்முறையாக வந்திருக்கிறது. தகடு 6.5 மி.மீ., கடினம் பிரினெல் அளவில் 500. பாரிமுனையில் ஒரு கடைக்காரர் 7018 ராடே போதும் என்கிறார். இன்னொருவர், தகடு இவ்வளவு வலுவென்றால் 11018 தான் வேண்டும் என்கிறார். என் வெல்டரோ 309எல் ஸ்டெயின்லெஸ் ராடு கேட்கிறார், அது விலை பல மடங்கு. எதை வாங்க?

பதில்: உங்கள் வெல்டர் சொல்வதைக் கேளுங்கள்.

11018 சொன்னவரின் கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான், வலுவான தகட்டுக்கு வலுவான ராடு. ஆனால் 7018-இல் உள்ள 70, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமையைக் குறிக்கிறது, 11018 என்றால் 1,10,000. உங்கள் தகடு 2 லட்சத்தைத் தாண்டிவிடும். எந்த ராடு வாங்கினாலும் தையல், அதாவது வெல்டிங் போட்ட இணைப்பு, தகட்டைவிட வலுக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் வலிமையை விட்டுவிட்டு, எந்த ராடு போட்டால் பிளக்காது என்று பாருங்கள்.

இந்த வகைத் தகட்டில் பெரிய ஆபத்து ஹைட்ரஜன். ராடின் பூச்சில் இருக்கும் ஈரம், தகட்டில் இருக்கும் துரு, எண்ணெய் எல்லாம் ஆர்க்கின் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போய்விடுகிறது, ஆறும்போது அது தையலை ஒட்டிய, கண்ணாடி போல் கெட்டித்துப் போன பகுதிக்கு நகர்ந்து அங்கே உள்ளழுத்தத்தோடு சேர்ந்து வெடிப்பு உண்டாக்குகிறது. அது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. நான் பட்டறையில் இருந்த காலத்தில் சனிக்கிழமை மாலை பளிச்சென்று முடித்த தையல் ஒன்று, திங்கள் காலை வந்து பார்த்தால் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது, அதை இன்றும் மறக்க முடியவில்லை.

309எல், 307 போன்ற ஸ்டெயின்லெஸ் ராடுகளின் உலோகம் ஹைட்ரஜனைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், கெட்டித்த பகுதிக்கு எளிதில் விடாது. அதோடு அது வளைந்துகொடுக்கும் உலோகம், ஆறும்போது வரும் இழுப்பைத் தானே தாங்கிக்கொள்ளும். 307-இல் மாங்கனீஸ் 4 சதவீதம் போல இருப்பதால் சூட்டிலேயே வரும் வெடிப்புக்கும் அது நல்லது, கிடைத்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ்தானே என்று 308 வாங்கிவிடாதீர்கள். தகட்டின் இரும்பு கலந்ததும் அதன் தன்மை கெட்டு, தையலே கெட்டித்துப் போகலாம்.

7018 தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பெட்டியைத் திறந்தபின் 7018 வெளியில் இருக்கலாம் என்று அமெரிக்க வெல்டிங் விதி வைத்திருக்கும் வரம்பே 4 மணி நேரம்தான், 11018-க்கு அரை மணி நேரம். ராடு சூடேற்றும் அடுப்பு இல்லாத பட்டறையில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். ஸ்டெயின்லெஸ் ராடையும் உலர்வாகத்தான் வைத்திருக்க வேண்டும், அதற்கும் விலக்கு கிடையாது.

இன்னொன்று, இந்த மாதிரித் தகட்டைப் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் பதப்படுத்தியிருப்பார்கள். அதற்கு மேல் ஏறினால் கடினம் இறங்கிவிடும். அதனால் பாஸ் (ஒருமுறை ராடை ஓட்டிப் போடும் அடுக்கு) ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறவிட்டு, சூடு காட்டும் க்ரேயானால் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பாஸ் போடச் சொல்லுங்கள். என்ன செய்தாலும் தையலும் அதன் ஓரமும் மென்மையாகத்தான் இருக்கும், குண்டு அங்கே பட்டால் துளைத்துவிடும். ராடு மாற்றி இதைத் தீர்க்க முடியாது. தையலுக்குப் பின்னால் அதே தகட்டில் ஒரு பட்டை வைத்து மறைக்க வேண்டும், அந்த எடையையும் கூலியையும் கொட்டேஷனில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது பெட்டி சீல் உடையாததா என்று பார்த்து, பேட்ச் எண்ணோடு டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், தராத கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இதற்குள் மனிதர்கள் உட்காரப் போகிறார்கள். அப்புறம், முழு ஆர்டருக்கும் ராடு எடுக்குமுன் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வாங்கி, அதே தகட்டின் துண்டில் ஒரு தையல் போட்டு, 48 மணி நேரம் கழித்து, வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை ஊற்றிப் பாருங்கள். வெடிப்பு இல்லையென்றால் மீதியை அதே பேட்ச்சில் எடுத்துக்கொள்ளலாம்.