சீன அரண்மனைப் பீங்கான் ஜாடிகளில் ஏன் நீல நிறமே அதிகம்?

வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம் வரைந்து, சீன அரசவைக்கென்றே செய்த ஜாடிகள் இவை. பெரும்பாலும் ஜியாங்ஷி மாகாணத்தின் ஜிங்டெஜென் நகரில் உருவானவை.

நீலத்துக்குக் காரணம் சூடுதான். பீங்கான் இறுக சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் பெரும்பாலான நிறங்கள் கருகிப்போகும். நீல நிறம் தரும் கோபால்ட் என்ற கனிமம் தாங்கும். செம்பை வைத்துச் சிவப்பும் முயன்றார்கள். அது சூளையில் சட்டென்று சாம்பல் நிறமாகிவிடும்.

சுடாத களிமண் ஜாடியில் கோபால்ட் குழம்பால் வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்து, ஒரே தடவையாகச் சுடுவார்கள். லேமினேட் செய்த அடையாள அட்டை மாதிரி, சித்திரம் பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் 1351-ஆம் ஆண்டு தேதியிட்ட, அரண்மனைக்கல்லாமல் கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்த ‘டேவிட் ஜாடிகள்’ என்ற நீல-வெள்ளை ஜோடி, இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பளிச்சென்று நிற்கின்றன.

மிங் அரச வம்சத்தின் தொடக்கக் காலத்து நீலம்தான் என் கண்ணுக்கு மிக அழகு. பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். கோடுகளில் ஆங்காங்கே கருநீலப் புள்ளிகள் திரண்டு நிற்கும். அரண்மனைத் தரம் அவ்வளவு கறார்: சிறு குறை இருந்தாலும் உடைத்துப் புதைத்தார்கள். அந்தச் சில்லுகளை ஜிங்டெஜென் அகழாய்வில் குவியலாகவே எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், அடியில் ஒரு பேரரசரின் முத்திரை இருந்தாலே ஜாடி அவர் காலத்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை: காங்ஷி காலத்தில் (1662–1722) செய்த பல ஜாடிகளில், முன்னோர் மீதான மதிப்பால், செங்ஹுவா (1465–1487) முத்திரையைப் பொறித்திருக்கிறார்கள்.