ஸ்மூத்தி குடிச்சும் பதினோரு மணிக்குப் பசிக்குதா? பழத்தைக் குறைங்க, பவுடர் டப்பா பக்கம் போகாதீங்க

திருப்பூர்லேருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. 36 வயசு, நாள் பூரா உக்காந்த வேலை, தைராய்டுக்கு மாத்திரை போடறாங்க. மூணு மாசமா காலை டிபனுக்குப் பதிலா ஸ்மூத்தி தான். ரெண்டு மோரிஸ் பழம், நாலு பேரீச்சம்பழம், ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு பெரிய டம்ளர், தேன் ரெண்டு டேபிள்ஸ்பூன். எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு, திப்பி தொண்டைல மாட்டுதுன்னு வடிகட்டி, ஆபீஸ் கிளம்பற அவசரத்துல மடக் மடக்னு குடிச்சிட்டுப் போறாங்க. வெயிட் குறையல. பதினோரு மணிக்குப் பசி வந்து டீயும் பஜ்ஜியும் உள்ள போயிடுது. இதுக்கு நடுவுல பக்கத்துத் தெரு 'வெல்னஸ் கோச்' ஒருத்தர், மாசம் 6,000 ரூபாய்க்கு ஷேக் பவுடர் வாங்கினா சரியாயிடும்னு சொல்றாராம். வாங்கலாமான்னு கேக்கறாங்க.

வாங்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அதை ஓரமா வைங்க.

இப்ப உங்க டம்ளரை எடுத்துக்குவோம். மோரிஸ் ஒண்ணு 100 கலோரி கிட்ட, ரெண்டுக்கு 200. ஆரஞ்சு பாக்கெட்ல கொழுப்பு 6 சதவீதம், அது 250 மில்லின்னா 200க்கு மேலயே போயிடும். பேரீச்சம்பழம் சின்னதா இருந்தாலும் நாலுக்கு 90 வரும். தேன் ரெண்டு டேபிள்ஸ்பூன் 120. ஆக மொத்தம் 600 தாண்டிருச்சு! மூணு இட்லி சாம்பாரோட சாப்பிட்டிருந்தாக்கூட இதுல பாதி தான் வந்திருக்கும், மென்னு சாப்பிட்ட திருப்தியும் இருந்திருக்கும். 600 கலோரி போயும் ஏன் பசிக்குதுன்னா, அதுல பெரும்பகுதி சர்க்கரை, புரோட்டீன் 11 கிராம் தான் தேறும், நார்ச்சத்துல ஒரு பங்கை வடிகட்டில தட்டி சிங்க்ல போட்டுட்டீங்க, மிச்சத்தை ரெண்டு நிமிஷத்துல குடிச்சும் முடிச்சிட்டீங்க. வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குத் தெரியவே ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும், அதுக்குள்ள நீங்க பஸ் ஏறியிருப்பீங்க.

ஸ்மூத்தில பசியைத் தாங்கறது பழம் இல்லைங்க. பழம் இனிப்புக்கு. பசி தாங்கறதுக்குப் புரோட்டீன், நார், கெட்டித்தன்மை, அளவு இந்த நாலும் வேணும்.

நான் சொல்ற அளவு ஒரு ஆளுக்கு. கொய்யாவோ பப்பாளியோ நறுக்கினது ஒரு கப், அரை மோரிஸ், கெட்டித் தயிர் முக்கால் கப், பொட்டுக்கடலை மாவு ரெண்டு டேபிள்ஸ்பூன் குவிச்சு, ஊற வச்ச சப்ஜா விதை ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, தேவைக்குத் தண்ணி. இது 300 கலோரி பக்கம் வரும், பாதி கலோரிலயே புரோட்டீன் அதே பத்து பதினொண்ணு கிராம். கூட ஒரு அவிச்ச முட்டை சாப்பிட்டா புரோட்டீன் 17 கிராம் கிட்டப் போகும், கலோரி 370, 380ல நிக்கும். முட்டை சாப்பிடாதவங்க ரெண்டு கப் தயிரை ராத்திரியே துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்ச கெட்டியை மட்டும் போடுங்க. தயிர் நீலப் பாக்கெட் பால்ல தோய்ச்சது போதும், அதுல கொழுப்பு 3 சதவீதம் தான்.

பொட்டுக்கடலையான்னு முகம் சுளிக்காதீங்க. ஏற்கெனவே வறுத்தது, அப்படியே சாப்பிடலாம், 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரோட்டீன், கூடவே நார், விலையும் பவுடர் டப்பா விலைல பக்கத்துலகூட வராது. ஆனா மாவை நல்லா நைசா திரிச்சு சலிச்சு வச்சுக்கணும், இல்லன்னா நாக்குல நறநறங்கும். இன்னொண்ணு, பழத்தோட சேர்த்து மொத்தமாக் கொட்டினா ஜார் அடியில அப்பிக்கும், அதனால முதல்ல தயிரும் தண்ணியும், அதுக்கு மேல மாவு, ஒரு சுத்து விட்டுட்டு அப்புறமாப் பழம் போடுங்க.

வாழைப்பழத்தை முதல் நாளே வட்ட வட்டமா நறுக்கி, ஒரு எவர்சில்வர் தட்டுல ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல வச்சு, கெட்டியானதும் டப்பால போட்டு வைங்க. நேரா டப்பால போட்டா கல்லாட்டம் ஒரே கட்டியாகி மிக்ஸி பிளேடு தான் போகும். உறைஞ்ச பழத்தை மிக்ஸி நாப்பை இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு அடிச்சா நுரை ஏறி, போட்ட சாமானே ஒண்ணரை டம்ளரா உப்பி வரும். அந்த நுரையை வெறும் காத்துன்னு நினைச்சிடாதீங்க. 2000ல அமெரிக்காவுல ஆண்களுக்குத் தயிர் ஷேக் கொடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க. கலோரி ஒரே அளவு, காத்தை மட்டும் ஏத்தி 300, 450, 600 மில்லின்னு மூணு விதமாக் கொடுத்தாங்க, 600 மில்லி குடிச்ச அன்னைக்கு மதியச் சாப்பாடு தானாவே குறைஞ்சுது. அதனால நுரைக்க அடிச்சு, ஸ்பூன் போட்டு, பத்து நிமிஷமாவது உக்காந்து சாப்பிடுங்க. வடிகட்டியை எடுத்து பரண்ல போட்டுடுங்க. கொய்யா விதை பிடிக்கலைன்னா நடுவுல இருக்கற விதைப்பகுதியை மட்டும் ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு, தோலோட சதையைப் போடுங்க.

பப்பாளின்னா அடிச்ச உடனே சாப்பிடணும். அதுல இருக்கற என்சைம் தயிர், பால் புரோட்டீனை உடைச்சு, கொஞ்ச நேரம் போனா கசப்பு வந்துடும். அன்னாசியும் அப்படித்தான். ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா கொய்யா தான் சரி.

இப்ப தேனுக்கு வர்றேன். வெள்ளைச் சர்க்கரையே சேர்க்கறதில்ல மேடம், தேன் தான், நாட்டுச்சர்க்கரை தான், கருப்பட்டி தான்னு என்கிட்ட பெருமையா சொல்றவங்க எத்தனையோ பேர். வெயிட் கணக்குல எல்லாம் ஒரே குட்டைல ஊறின மட்டை. உங்க ரெண்டு டேபிள்ஸ்பூன் தேன்லயே 34 கிராம் சர்க்கரை இருக்கு. தேன், பழ ஜூஸ் உட்பட எல்லாத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு முடிஞ்சா 25 கிராமுக்குள்ள நிறுத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிடுச்சு. கடை ஃப்ளேவர் யோகர்ட், பாக்கெட் பாதாம் பால் இதெல்லாமும் அதே ரகம் தான், பாதாம் பால்ல பாதாம் எத்தனை சதவீதம்னு பின்னாடி பொடி எழுத்துல தேடிப் பாருங்க, சிரிப்பு வரும்.

பொடி எழுத்துன்னதும் எரிச்சல் வருது எனக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2006ல. அதுல 'ஹெல்த் ட்ரிங்க்'னு ஒரு வகையே கிடையாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு ஞாபகப்படுத்தினது 2024 ஏப்ரல்ல! அதுவரைக்கும் சர்க்கரை மாவை ஹெல்த் ட்ரிங்க்னு பிள்ளைங்களுக்குக் கலக்கிக் கொடுத்துட்டு இருந்தோம். காய்ச்சி சுண்ட வச்ச ஜூஸ்ல தண்ணி சேர்த்து '100 சதவீதம் பழச்சாறு'ன்னு போடாதேன்னு சொன்னதும் அதே வருஷம் ஜூன்ல தான். எவ்வளவு சத்தானதுன்னு காட்ட பாக்கெட்டோட முன்பக்கம் ஸ்டார் போடறோம்னு 2022ல வரைவு விட்டாங்க, அப்புறம் கமிட்டி, கருத்துக் கேட்புன்னு இழுத்தடிச்சாங்க. இவங்க முடிவு பண்ற வரைக்கும் காத்திருந்தா நம்ம இடுப்பு காத்திருக்காது. பின்பக்கம் பாருங்க, எது அதிகமோ அது முதல்ல எழுதியிருக்கணும்னு விதி, முதல் மூணு பேர்ல சர்க்கரையோ, மால்டோடெக்ஸ்ட்ரினோ (சர்க்கரை மாதிரியே சீக்கிரம் ரத்தத்துல ஏறற மாவுப் பொடி) இருந்தா கீழ வச்சிடுங்க.

அந்த கோச் விஷயம். இவங்க வழி எனக்கு மனப்பாடம். இலவசமா வெயிட் பாக்கறேன்னு ஒரு மெஷின் மேல ஏத்துவாங்க, உங்க உடம்பு வயசு 52னு ஒரு சீட்டு வரும், நீங்க பயந்து போவீங்க, டப்பா வெளிய வரும். ரெண்டு மாசம் கழிச்சு, நீங்களே நாலு பேரைச் சேர்த்து விட்டா உங்க டப்பாவுக்குத் தள்ளுபடிம்பாங்க. அவர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. ஒரு ஸ்கூப்ல புரோட்டீன் எத்தனை கிராம், அதே புரோட்டீன் பொட்டுக்கடலை, தயிர், முட்டைல எத்தனை ரூபாய்க்கு வரும்? அப்புறம், நீங்க எங்க என்ன படிச்சீங்க? உணவியல் நிபுணர்களையும் பதிவுக்குள்ள கொண்டு வர 2021ல ஒரு சட்டமே போட்டாச்சு, ஆனா மூணு நாள் ட்ரெயினிங் முடிச்சவர் போர்டு மாட்டறதைத் தடுக்க நம்ம தெருவுக்கு இதுவரை யாரும் வரல. நேரடி விற்பனை விதிகளும் அதே 2021ல வந்துச்சு, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாம வீட்டுக்கு வந்து விக்கக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. அடுத்த தடவை கதவைத் தட்டினா அட்டையைக் காட்டச் சொல்லுங்க.

சுகர், கிட்னி பிரச்னை இருக்கறவங்க இந்த அளவை அப்படியே எடுக்காம டாக்டரைக் கேட்டுக்குங்க, அது தனிக் கதை. உங்க விஷயத்துல நான் நின்னு பேச வேண்டியது தைராய்டு மாத்திரை. அதை ஸ்மூத்தியோட சேர்த்தே முழுங்கறேன்னு கடைசி வரில போகிற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அது தான் பெரிய விஷயம். லெவோதைராக்சின், அதாவது அந்த தைராய்டு மாத்திரையை, வெறும் வயித்துல, வெறும் தண்ணில போடணும். அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காபி கூடக் கூடாது, பாலும் கூடாது. பால் கால்சியமும் நாரும் சோயாவும் மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எடுத்தா நாலு மணி நேரம் தள்ளிப் போடணும். நான் சொன்ன ஸ்மூத்தில நார் அதிகம், அதனால இடைவெளியை ஒரு மணி நேரமாவே வச்சுக்குங்க. எந்திரிச்சதும் மாத்திரை, குளிச்சு சமையல் முடிச்சு, அப்புறம் ஸ்மூத்தி. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. இத்தனை நாள் மாத்திரை சரியா சேராம இருந்து, டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பாக்கற ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருக்குன்னு டாக்டர் டோஸை ஏத்தியிருந்தா, இப்ப நேரத்தை ஒழுங்கு பண்ணினதும் அதே டோஸ் ஜாஸ்தியாயிடலாம், படபடப்பு வரும். அதனால நேரத்தை மாத்தறதை டாக்டர்கிட்ட சொல்லிட்டு, ஆறிலேருந்து எட்டு வாரத்துல ஒரு தடவை டிஎஸ்எச் பாருங்க. நீங்களா டோஸைக் குறைக்காதீங்க. காலைல நேரமே இல்லைன்னா, ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போடலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க, சிலருக்கு அது ஒத்து வரும்.

பையனுக்கும் இதையே கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எட்டு வயசுப் பையனுக்கு எதுக்கும்மா குறைஞ்ச கலோரி? அவனுக்கு முழு வாழைப்பழம் போடுங்க, கொழுப்பு எடுக்காத பால்ல தோய்ச்ச தயிர் ஊத்துங்க, பொட்டுக்கடலை மாவோட நாலு வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அடிங்க. தேன் மட்டும் அவனுக்கும் வேண்டாம்.